ஆறில்லா மலையில் ஆறு காண்டல்

வியாழன் இரவு. தோகா நகரின் நஜ்மாப் பகுதியில், நான்காம் மாடி அறையொன்றின் தரையில் நிலப்படம் விரிந்து கிடக்கிறது. குளிரூட்டியின் காற்றில் அது சுருளாதபடி நான்கு முனைகளிலும் தேநீர்க் குவளைகள் அமர்ந்திருக்கின்றன. நண்பர் ஒருவர் பருத்தி நூலை நீரில் தோய்த்துப் பிழிந்து, படத்தின்மீது வளைத்து வளைத்து ஒட்டுகிறார். மலைச்சரிவு எங்கெங்கு நெளிகிறதோ அங்கெல்லாம் நூலும் நெளிகிறது. பின்னர் அதை எடுத்து நேராக்கி அளவுகோலின்மேல் வைக்கிறோம். 18 செ.மீ. வருகிறது. படத்தின் அளவுத்திட்டம் 1:50,000. ஆகவே நிலத்தில் அது 9 கி.மீ.

நஜ்மாவின் தெருக்களில் 9 கி.மீ. என்பது ஒரு மாலை நடை. கத்தார் நாட்டின் மிக உயர்ந்த மேடாகிய குரைன் அபூ அல் பவ்ல்கூடக் கடல் மட்டத்திலிருந்து 103 மீட்டர்தான். ஆனால் நூல் அளந்த 9 கி.மீ. ஓமான் நாட்டின் ஹஜர் மலையில் உள்ளது. அதனுள் 1,000 மீட்டர் ஏற்றம் அடங்கியிருக்கிறது. ஏறி முடித்தபின் மறுபுறத்தில் அதே அளவு இறக்கம் காத்திருக்கிறது. நூல் கிடந்த கோட்டில் சாலை இல்லை. ஒற்றையடித் தடமும் இல்லை. முதுகில் சுமையோடு தடமற்ற நிலத்தில் ஒரு கணவாயைக் கடக்கும் நடை மலையடியில் தொடங்குவதில்லை. இந்தத் தரையில்தான் தொடங்குகிறது. இங்கு நிகழும் எண்ணமும் கணக்கும் எத்தகையவை என எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆறு என்னும் சொல்

தமிழில் ஆறு என்னும் சொல் நீர்ப்பெருக்கையும் குறிக்கும். நடக்கும் வழியையும் குறிக்கும். பரிசில் பெற்ற கலைஞர் பெறாதாரை எதிர்ப்பட்டு, வள்ளல் இருக்குமிடத்துக்கு வழிகாட்டி விடுக்கும் நூல்வகைக்கு ஆற்றுப்படை எனப் பெயர் வந்தது இவ்விரண்டாம் பொருளால்தான். ஒரே சொல் இரண்டையும் ஏன் தாங்குகிறது என்பதை ஹஜர் மலையில் கண்ணாரக் காணலாம். ஆண்டு முழுதும் ஓடும் பேராறு அங்கு இல்லை. மழை பெய்த சில மணி நேரம் பெருகி ஓடி, பின் வறண்டு, வெண்கல் பரவிய படுகைகளாய்க் கிடக்கும் பள்ளங்களே உண்டு. அரபு மக்கள் அவற்றை வாதி என்பர். மழைநாளில் அது ஆறு. ஏனைய நாள்களிலெல்லாம் அதுவே ஊருக்கு ஊர் செல்லும் வழி.

மலைவழியைத் திட்டமிடும் அறிவு நமக்குப் புதிதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம், செங்கண்மாவை ஆண்ட நன்னனிடம் கூத்தர் கூட்டம் ஒன்றைச் செலுத்தும் 583 அடி நூல். மலையில் எங்கு என்ன உணவு கிடைக்கும், எங்கு என்ன இடர் நேரும் என்பதை அது இடம் இடமாகச் சொல்கிறது. பன்றிக்கு வைத்த கற்பொறிகள் இருளில் தெரியாவாதலால் விடிந்தபின் நடக்கச் சொல்கிறது. தினைப்புனம் காப்போர் யானையை விரட்ட எறியும் கவண்கற்களுக்கு விலகச் சொல்கிறது. பாசி படர்ந்து வழுக்கும் இடங்களில் மெல்லிய மூங்கிற்கோல்களைப் பற்றிக்கொள்ளச் சொல்கிறது. வழி பலவாகப் பிரியும் கவலைகளில், சரியான வழியைத் துடைத்து, புல்லை முடிந்து அடையாளம் இடுமாறும் கூறுகிறது. பின்னே வருவோர் வழிதவறாமைக்கு அம்முடிச்சு. இடத்தை அறிதல், காலத்தை அறிதல், இடரை முன்னறிதல், பின்வருவோருக்குக் குறி விட்டுச் செல்லுதல் என்னும் இந்நான்கும் இன்றும் வழித்திட்டத்தின் உறுப்புகளே.

கூத்தர் சென்ற மலை அருவி முழங்கும் மலை. நாங்கள் செல்வதோ நீரற்ற சுரம். எனினும் அங்கும் வழியை வகுப்பது நீர்தான் என்பதே பல குளிர்காலங்கள் எங்களுக்குக் கற்பித்த பாடம். மலையைச் செதுக்கிய நீரும், நாங்கள் முதுகில் சுமக்கும் நீரும், வானம் கறுத்தால் எங்களை அடித்துச் செல்லவல்ல நீருமாகிய மூன்றையும் அறிந்தபின்னரே கால் எடுத்து வைக்க வேண்டும்.

கணவாய் பிறக்கும் முறை

ஹஜர் என்றால் அரபு மொழியில் கல். முசந்தம் முனையிலிருந்து ராஸ் அல் ஹத் வரை ஏறத்தாழ 700 கி.மீ. நீளத்துக்கு இக்கல்மலை நீள்கிறது. அதன் நடுப்பகுதி ஜெபல் அக்தர், அதாவது பச்சைமலை. பெரம்பலூரை ஒட்டிய பச்சைமலையை அறிந்த தமிழர்க்கு இப்பெயர் சட்டென நெஞ்சில் பதியும். அதன் மேற்கே நிற்கும் ஜெபல் ஷம்ஸ், அதாவது ஞாயிற்று மலை, 3,000 மீட்டரை ஒட்டிய உயரமுடையது. ஓமானின் முடி அதுவே.

இம்மலையின் பெரும்பகுதி சுண்ணாம்புக்கல். டெத்திஸ் என்னும் தொல்கடலின் ஆழமற்ற அடித்தளத்தில், சிப்பிகளும் பிற கடலுயிர்களும் விட்டுச்சென்ற ஓடுகள் பல கோடி ஆண்டுகளாகப் படிந்து இறுகிய கல் இது. அதன் ஓரங்களில் கரும்பழுப்பு நிறத்தில் வேறொரு பாறை தெரியும். ஏறத்தாழ 9.5 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் உருவாகி, நிலத்தட்டுகளின் நெருக்கத்தால் கரைமேல் ஏற்றப்பட்ட கடற்றளப் பாறை அது. நிலவியலார் அதைச் சமாயில் பாறைத்தொகுதி என்பர். கால்நடையாய்ச் செல்வோர்க்கு இவ்விரு பாறைகளும் இருவேறு உலகங்கள். உலர்ந்த சுண்ணாம்புக்கல் காலணியை நன்கு பற்றும்; ஆனால் மழைநீர் கரைத்த அதன் முகடுகள் கத்தி முனைபோல் உள்ளங்கையைக் கிழிக்கும். கரும்பாறையோ உதிர்ந்து பொடிந்து, மிதித்த இடத்தில் நிற்காது.

பச்சைமலை, நிலத்தின் அடுக்குகள் மேல்நோக்கி வில்லாய் வளைந்த ஒரு பெருமடிப்பு. அம்மடிப்பின் தெற்குப் பக்கத்தில் பாறையடுக்கு மென்சாய்வாகத் தாழ்கிறது. கூரையில் நடப்பதுபோல் பலகைப்பாறைகளின்மேல் ஏறிச் செல்லலாம். வடபுறத்திலோ மடிப்பின் உள்வயிறு அரித்தெடுக்கப்பட்டு, பாறையடுக்குகள் செங்குத்தாய் அறுபட்டு நிற்கின்றன. தெற்கிலிருந்து ஏறுபவன் முகடுவரை எளிதாய் வந்து, வடக்கே ஓர் அடியும் எடுத்து வைக்க இயலாமல் நிற்பது இதனால்தான். ஏறும் வழியை மட்டும் எண்ணித் திட்டமிடுவோர் பலர். இம்மலையில் முதலில் இறங்கும் வழியைத் தேடிவிட்டுப் பின்னரே ஏறும் வழியைத் தேட வேண்டும்.

அவ்வாறு இறங்க இடம் தருவதே கணவாய். முகட்டின் இருபுறமும் இரு பள்ளங்கள் எதிரெதிராக மேல்நோக்கி அரித்துக்கொண்டே வருகின்றன. பாறையில் வெடிப்போ பிளவோ உள்ள இடத்தில் அரிப்பு விரைகிறது. இரண்டும் முதுகோடு முதுகு சேரும் இடத்தில் முகடு தாழ்கிறது. முகட்டின் வழியே நடப்பவனுக்கு அது மிகத் தாழ்ந்த இடம். பள்ளத்திலிருந்து ஏறி வருபவனுக்கோ அதுவே மிக உயர்ந்த இடம். குதிரையின் சேணத்தை நினைத்தால் இவ்வடிவம் விளங்கும். ஆக, கணவாய் என்பது மலை தானே திறந்த வாயில் அன்று. இரு நீரோட்டங்கள் கோடிக்கணக்கான மழைகளில் தட்டித் தட்டித் திறந்த வாயில்.

நாங்கள் எண்ணிய வழி, அல் ஹம்ராவுக்கு மேலே ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் உள்ள மிஸ்ஃபாத் அல் அப்ரிய்யீன் என்னும் கல்லூரின் பக்கமிருந்து புறப்பட்டு, ஏறத்தாழ 2,000 மீட்டர் உயர ஷரஃப் அல் அலமைன் முகட்டைக் கடந்து, வடக்கே பலத் ஸைத் என்னும் சிற்றூர் நோக்கி இறங்குவது. அம்முகட்டுக்கு வண்டிச் சாலை உண்டு. முன்னோர் நடந்த பழந்தடங்களும் உண்டு. அவற்றுக்கு இடைப்பட்ட பாறைச்சரிவைத் தேர்ந்தோம். தடம் இல்லாத நிலத்தைக் கற்க விழைவோர், தடம் எட்டும் தொலைவில் இருந்து தொடங்குவதே அறிவுடைமை.

கோடுகள் சொல்வதும் மறைப்பதும்

நிலப்படத்தில் உள்ள சமவுயரக் கோடு ஒவ்வொன்றும், ஒரே உயரமுள்ள இடங்களை இணைப்பது. அடுத்தடுத்த இரு கோடுகளுக்கு இடையே 20 மீட்டர் உயர வேறுபாடு எனக் கொள்வோம். 1:50,000 படத்தில் இரு கோடுகள் 1 மி.மீ. இடைவெளியில் இருந்தால், 50 மீட்டர் தொலைவில் 20 மீட்டர் ஏறுகிறோம். சாய்வு 22 பாகை. சுமையோடு மூச்சு வாங்கியபடி நடக்கலாம். இடைவெளி அரை மி.மீ. ஆனால் சாய்வு 39 பாகையாகிவிடும். உதிர்கற்கள் குவிந்து நிற்கும் சரிவே ஏறத்தாழ 35 பாகைதான்; அதற்கு மேற்பட்டது பெரும்பாலும் வெறும் பாறை. அங்குக் காலோடு கையும் வேண்டும். கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டால் அது செங்குத்து. கணவாயின் அருகே கோடுகள் இருபுறமும் உள்வாங்கி, இடை சிறுத்த உடுக்கைபோல் தோன்றும். அவ்வுடுக்கையின் இடையைக் கண்டுபிடிப்பதே படம் பார்ப்பவனின் முதல் வேலை.

ஆயின் கோடுகள் பொய்யும் சொல்லும். இன்று கைப்பேசியில் கிடைக்கும் உயரப்படங்கள் பலவற்றுக்கு அடிப்படை, 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாள் புவியைச் சுற்றி ரேடாரால் எடுத்த அளவுகள். அவ்வளவுகள் ஏறத்தாழ 30 மீட்டருக்கு ஒன்றாக அமைந்தவை. இரு அளவுகளுக்கு இடையே 20 மீட்டர்ச் செங்குத்துப் பாறை ஒன்று இருக்கிறது என்க. கணினி அவ்விரு புள்ளிகளையும் நேர்கோட்டால் இணைத்து, 30 மீட்டருக்கு 20 மீட்டர் சரிவு, அதாவது 34 பாகை எனக் காட்டும். நடந்து இறங்கத்தக்க சரிவாகவே அது படத்தில் தோன்றும். ஏழு மாடி உயரமுள்ள சுவர் படத்திலிருந்து மறைந்துபோகும்.

இப்பாடத்தைச் சென்ற குளிர்காலத்தில் ஒரு கிளைப்பள்ளத்தில் கற்றோம். படத்தில் கோடுகள் அகன்று, இறக்கம் இனிதாகத் தோன்றியது. இரண்டு மணி நேரம் இறங்கியபின், படுகை திடீரென முடிந்தது. விளிம்பில் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தேன். நீர் தேய்த்து வழவழப்பாக்கிய சாம்பல்நிறப் பாறை நேர்கீழாய் இறங்கி, அடியில் ஒரு பச்சைக் குட்டையில் முடிந்தது. விளிம்பிலிருந்து நான் எறிந்த கல் குட்டையில் விழ ஏறத்தாழ இரண்டு நொடி ஆயிற்று. விழும் பொருள் இரண்டு நொடியில் ஏறத்தாழ 20 மீட்டர் கடக்கும். அக்கணக்கைச் சொல்லி முடித்ததும் யாரும் எதுவும் பேசவில்லை. வந்த வழியே ஏறித் திரும்ப மூன்று மணி நேரம் பிடித்தது; நீரில் இறுதி அரை லிட்டர் மிஞ்சியிருந்தது.

அதன்பின் ஒரு நெறி வகுத்துக்கொண்டோம். கோட்டுப்படத்தை மட்டும் நம்பாமல், வானிலிருந்து எடுத்த ஒளிப்படத்தையும் உடன் வைத்துப் பார்ப்பது. ஒளிப்படத்தில் செங்குத்துப் பாறை தன்னை நிழலால் காட்டிக்கொடுக்கும். ஞாயிறு 45 பாகை உயரத்தில் நிற்கும்போது எடுத்த படமாயின், சமநிலத்தில் விழும் நிழலின் நீளமே பாறையின் உயரம். ஞாயிறு தாழ்ந்திருந்தால் நிழல் நீளும். சிறு சுவரும் தப்பாது. இன்னொரு நெறி அதனினும் தலையாயது: மீண்டும் ஏற இயலாத இடத்தில் ஒருபோதும் இறங்காதே. ஒரு முறை குதித்துவிட்டால், முன்னே இருப்பது எதுவானாலும் அதுவே உன் வழி என்றாகிவிடும்.

ஞாயிற்றோடு ஒரு கணக்கு

மலைநடைக்கு ஆகும் நேரத்தைக் கணிக்க 1892-இல் வில்லியம் நெய்ஸ்மித் என்னும் ஸ்காட்லாந்து மலையேறி ஓர் எளிய நெறி தந்தார். ஏறத்தாழ 5 கி.மீ. தொலைவுக்கு 1 மணி. ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் மேலும் 1 மணி. எங்கள் 9 கி.மீ. தொலைவுக்கும் 1,000 மீட்டர் ஏற்றத்துக்கும் இதன்படி ஏறத்தாழ மூன்றரை மணி நேரம் ஆகும். நல்ல தடத்தில் நடப்பவர்க்கு இது பொருந்தும். தடம் இல்லாவிட்டால்? புவியியலர் வால்டோ டோப்ளர் 1993-இல் வெளியிட்ட நடைக் கணக்கில், தடம் விட்டு விலகி நடப்பவரின் விரைவு தடத்தில் நடப்பவரின் விரைவில் 0.6 பங்கு என்கிறார். மூன்றரையை 0.6-ஆல் வகுத்தால் ஆறு மணி நேரத்தை நெருங்குகிறது. சுமைக்கும் ஓய்வுக்கும் வழி தேடி நிற்பதற்கும் இரண்டு மணி சேர்த்தால் எட்டு.

எட்டு மணி நேரம் நமக்கு உண்டா? டிசம்பரில் இம்மலையில் பகல் ஏறத்தாழ பத்தே முக்கால் மணி நேரம். ஆழ்ந்த பள்ளத்தில் வெளிச்சம் இன்னும் முன்னே குன்றும். ஆக, விடியலிலேயே புறப்பட்டால்தான் கணக்கு நேராகும். பிந்திப் புறப்படும் ஒவ்வொரு மணி நேரமும் இருளை ஒரு மணி நேரம் நெருங்குவதற்கு ஒப்பு.

வழியை ஆறு பகுதிகளாக நூலில் பிரித்தோம். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு துணைக்கோடு தேடினோம்: இடப்புறம் ஒரு முகட்டு விளிம்பு, வலப்புறம் ஒரு பள்ளம் என, திசைகாட்டியைப் பாராமலே கையால் சுவரைத் தடவிச் செல்வதுபோல் தொடர்ந்து செல்லத்தக்க ஒன்று. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் ஒரு தடுப்புக்கோடு குறித்தோம்: இந்தப் படுகையைத் தொட்டுவிட்டால் அளவுக்கு மிஞ்சி வந்துவிட்டோம் என்று பொருள். துணைக்கோள் இடங்காட்டி இருக்க இவை எதற்கு என்று கேட்கலாம். அக்கருவிக்குக் குறைந்தது நான்கு துணைக்கோள்களின் குறிப்பலைகள் வேண்டும். குறுகிய பள்ளத்தில் வானம் ஒரு கீற்றாகிவிடும். அலைகள் பாறைச்சுவரில் பட்டுத் திரும்பி வந்து கருவியை ஏமாற்றும். வழி மிகக் கடிதாகும் இடத்தில்தான் கருவி மிகத் தடுமாறுகிறது.

சுமக்கும் நீர்

நீர்க்கணக்கு உடலின் வெப்பக்கணக்கு. தசைகள் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே ஏற்றமாகிறது, எஞ்சியது வெப்பம். சுமையோடு ஏறும் ஒருவர் ஒரு மணி நேரத்தில் 1,700 கிலோ ஜூல் வெப்பத்தை வெளியேற்ற வேண்டியிருக்கிறது எனக் கொள்வோம். 1 லிட்டர் வியர்வை முற்றும் ஆவியாகும்போது உடலிலிருந்து ஏறத்தாழ 2,400 கிலோ ஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்லும். ஆக, மணிக்கு 0.7 லிட்டர். வியர்வை சொட்டிக் கீழே விழுந்தால் பயனில்லை, ஆவியானால்தான் குளிர்ச்சி. வறண்ட மலைக்காற்றில் அது உடனே ஆவியாகிவிடுவதால் தோல் உலர்ந்தே இருக்கும். வியர்க்கவில்லை என்று உடல் ஏமாறும். தோகாவின் ஈரக்காற்றில் சட்டை நனைந்து பழகியவர்க்கு இவ்வேமாற்றம் இன்னும் எளிது.

ஆறு மணி நேர ஏற்றத்துக்கு 4 லிட்டர்; முகட்டில் தங்கும் இரவின் உணவுக்கும் விடியலுக்கும் 2; மறுநாள் இறக்கத்துக்கு 4; இடர்க்காப்பாக 2. ஆளுக்கு 12 லிட்டர். அதாவது 12 கிலோ. இச்சுமையே மேலும் வியர்க்க வைக்கும். வியர்வை மேலும் நீர் கேட்கும். இச்சுழலை அறுக்க ஒரே வழி, முன்னரே நீரை வைத்துவிடுதல். ஷரஃப் அல் அலமைன் முகட்டுக்கு வண்டி செல்லும் என்பதால், முதல் நாளே அங்கு 6 லிட்டர்க் குடுவைகளை ஆளுக்கு ஒன்றாகக் கல்லடுக்கின் நிழலில் வைத்துவிட்டு வரலாம். சுமை பாதியாகிறது. ஆனால் வைத்த நீர் அங்கே இல்லாமற்போனாலும் தளராது திரும்பும் அளவுக்குக் கையில் நீர் இருக்க வேண்டும். ஒழிந்த குடுவைகளை ஒன்றுவிடாமல் மீட்டுவருவது கடமை. மேயவரும் ஆடுகளின் வயிற்றுக்கு அவை நஞ்சு.

வெப்பத்தைப் போலக் குளிரையும் எண்ண வேண்டும். உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை குறையும். கடற்கரையில் இதமான பகலாயிருக்க, முகட்டில் இரவில் பல் கிட்டும். ஜெபல் ஷம்ஸின் மேற்பகுதியில் குளிர்கால இரவுகள் உறைநிலைக்கும் கீழே செல்வதுண்டு. பாலை என்றால் வெம்மை மட்டுமே என எண்ணிப் போர்வையின்றிச் செல்வோர், நீரின்றிச் செல்வோரைப் போன்றே இடர்ப்படுவர்.

அடித்துச் செல்லும் நீர்

இச்சுரத்தில் நீர் இல்லாமையால் மட்டுமன்று, நீராலும் இடர் வரும். வெறும்பாறை மழையை உறிஞ்சாது. 20 சதுர கி.மீ. பரப்பில் 10 மி.மீ. மழை பெய்தால் அது 2,00,000 கன மீட்டர், அதாவது 20 கோடி லிட்டர் நீர். அதன் பெரும்பகுதி ஓரிரு மணி நேரத்தில் ஒரே பள்ளத்தின் வாய்க்கு வந்து சேரும். நாம் நிற்கும் இடத்தில் வானம் தெளிவாக இருக்கலாம். மழை பெய்தது முகட்டுக்கு அப்பால் இருக்கலாம். பாயும் நீர் தரும் உந்துதல் விரைவின் இருமடிக்கு ஒப்பக் கூடுகிறது. விரைவு இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. முழங்காலளவு நீரே ஆளைச் சாய்க்கப் போதும்.

2024 ஏப்ரல் 16 அன்று ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஐன் பகுதியிலுள்ள கத்ம் அல் ஷக்லாவில் ஒரு நாளுக்குள் 254.8 மி.மீ. மழை பதிவாயிற்று. 1949-இல் பதிவுகள் தொடங்கியதிலிருந்து அந்நாடு கண்ட பெருமழை அது. அதே நாள்களில் ஓமானில் பெருக்கெடுத்த வாதிகள் பள்ளிச் சிறாரையும் கொண்டு சென்றன. பெருக்கெடுத்த வாதியில் வண்டியை இறக்குவோர்க்கு 2,000 திர்ஹம் தண்டமும் 60 நாள் வண்டிப் பறிமுதலும் என ஐக்கிய அரபு அமீரகம் 2023-இல் ஆணையிட்டது. அவ்வாணைக்குப் பின்னே நிற்பவை இத்தகைய இழப்புகளே.

ஆகவே வாதியின் படுகையில் இரவு தங்குவதில்லை என்பது எங்கள் மாறா நெறி. மணல் மெத்தைபோல் விரிந்து அழைக்கும். காற்று மறைவும் இருக்கும். ஒருமுறை அத்தகைய இடத்தில் சுமையை இறக்கிவிட்டு நிமிர்ந்தபோது, அருகில் நின்ற வேலமரத்தின் கிளையில், என் தலைக்கு மேல் இரண்டு முழ உயரத்தில், பேரீச்ச மட்டை ஒன்றும் கிழிந்த கயிறும் சிக்கிக் காய்ந்து தொங்கின. யாரும் அங்கு ஏறி அவற்றை வைக்கவில்லை. வெள்ளம் எவ்வளவு உயரத்தில் சென்றது என்பதை மலையே எழுதி வைத்திருந்தது. சுமையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறினோம்.

முன்னே நடந்தவர்

தடமற்றது என நாம் சொல்லும் நிலத்திலும் முன்னே நடந்தவர் உண்டு. அரேபிய வரையாடு ஹஜர் மலைக்கே உரிய விலங்கு. உலகில் வேறெங்கும் இயல்பாக வாழ்வதில்லை. நம் நீலகிரி வரையாட்டோடு ஒரே பேரினத்தில் வைத்து எண்ணப்பட்டு, 2005-இல் மரபணு ஆய்வால் தனிப் பேரினமாகப் பிரிக்கப்பட்டது. மஸ்கட்டில் நெடுங்காலம் பணியாற்றிய ஜயகர் என்னும் இந்திய மருத்துவரின் பெயரை அதன் அறிவியற்பெயர் தாங்கி நிற்கிறது. வரையாடும் மலையாடும் பதித்த தடங்கள் சரிவெங்கும் கோலமிட்டதுபோல் தெரியும். ஆனால் ஆடு தழை தேடி நடக்கிறது. கணவாய் தேடி நடப்பதில்லை. ஆட்டுத்தடம் ஓர் அங்குல அகல விளிம்பில் முடிந்து ஆளைத் திகைக்க வைக்கும். கழுதைத்தடமோ வேறு. சுமையேற்றிய கழுதை நடக்க அகலம் வேண்டும், படி வேண்டும், தாங்குசுவர் வேண்டும். சரிவில் அடுக்கிய கல் ஒரு முழம் தெரிந்தாலும் போதும். மாந்தர் மறுபுறம் சென்று மீண்ட வழி அது என நம்பலாம்.

அம்மாந்தரும் நீரைத் தொடர்ந்தே நடந்தனர். மழைநீர்த் தொட்டி உள்ள இடம், நிழலில் வற்றாத குட்டை உள்ள இடம், ஊற்றிலிருந்து நிலத்தடியாகவும் பாறையோரமாகவும் நீரைக் கொணரும் ஃபலஜ் என்னும் வாய்க்கால் உள்ள இடம் ஆகியவற்றையே அவர்தம் தடங்கள் இணைக்கின்றன. ஓமானின் ஐந்து ஃபலஜ்களை 2006-இல் யுனெஸ்கோ உலக மரபுச்செல்வமாக ஏற்றது. ஊரார் அந்நீரைப் பங்கிட்டுக் கொள்ளும் முறை வியப்புக்குரியது. பகலில் நட்ட கோலின் நிழலை அளந்து முறை பிரித்தனர். இரவில் விண்மீன்கள் எழுவதையும் மறைவதையும் நோக்கி முறை பிரித்தனர். ஒரு மீன் முகட்டுக்கு மேல் தோன்றியதும் ஒருவர் மடையை அடைக்க, மற்றவர் மடையைத் திறப்பார். அத்தகைய நீரில் வழிப்போக்கன் கேளாது கை வைக்கலாகாது. கேட்டால் மறுப்பாரும் இலர்.

நஜ்மா என்றால் அரபு மொழியில் விண்மீன். விண்மீன் பெயர் தாங்கிய பகுதியில் வாழும் நாங்களும் அவற்றைக் கற்றே செல்கிறோம். துருவ மீன் அடிவானுக்கு மேல் எத்தனை பாகை நிற்கிறதோ அதுவே ஏறத்தாழ நாம் நிற்கும் நிலநேர்க்கோட்டின் அளவு. தோகாவில் 25, பச்சைமலையில் 23. நீட்டிய கையின் முட்டி ஏறத்தாழ 10 பாகையை மறைக்கும். வடக்கே இரண்டு முட்டிக்குச் சற்று மேலே பார்த்தால் போதும், கருவி ஓய்ந்த இரவிலும் திசை தெரிந்துவிடும். ஜுல்ஃபார் என்னும் ஊரில் தோன்றிய அகமது இப்னு மாஜித் என்னும் மாலுமி 15-ஆம் நூற்றாண்டில் விரலளவால் மீனின் உயரம் அளந்து கலம் செலுத்திய கடல் இக்கரையோரக் கடல்தான்.

திரும்பும் அறிவு

திட்டத்தின் கடைசி உறுப்பு, எப்போது திரும்புவது என்பது. இதை மலையில் முடிவு செய்யக்கூடாது. களைத்த உடலும், இவ்வளவு வந்துவிட்டோமே என்னும் எண்ணமும் அறிவைத் திரிக்கும். குளிரூட்டிய அறையில், வயிறு நிறைந்திருக்கையில், நடக்கப்போகும் நால்வரும் கூடி இதை எழுதிவிட வேண்டும். பிற்பகல் 1 மணிக்குள் நான்காம் பகுதியைக் கடக்காவிட்டால் திரும்புவோம். எவரேனும் ஒருவரின் நீர் பாதிக்குக் கீழ் இறங்கினால் திரும்புவோம். வடக்கே முகில் திரண்டால் படுகையை விட்டு ஏறுவோம். எங்களில் மிக மெதுவாக நடப்பவர் திரும்பலாம் என்றால் மற்ற மூவரும் மறுசொல் இன்றித் திரும்புவோம். கணவாய் நாளையும் அங்கேயே நிற்கும்.

தாளில் இவ்வளவும் எழுதி முடிக்கையில் நள்ளிரவு கடந்துவிட்டது. வாயிலருகே நீர்க்குடுவைகள் வரிசையாய் நிற்கின்றன. நண்பர் அந்தப் பருத்தி நூலை மீண்டும் எடுத்து, ஆறு பகுதிகளின் முடிவிலும் ஒவ்வொரு முடிச்சு இடுகிறார். பின் அதே அளவில் இன்னொரு நூல் வெட்டி, அதிலும் ஆறு முடிச்சுகள் இடுகிறார். ஒன்று எங்களோடு மலைக்கு வரும். மற்றொன்று, நிலப்படத்தின் படியோடும், ஓமான் காவல்துறையின் 9999 என்னும் இடர்க்கால எண்ணோடும், அறையிலேயே தங்கும் தோழரிடம் இருக்கும். இறங்கும் நாளின் மாலை 6 மணிக்குள் எங்கள் குரல் கேட்காவிட்டால், எந்த முடிச்சுக்கும் எந்த முடிச்சுக்கும் இடையே எங்களைத் தேட வேண்டும் என்பதை அவர் அறிவார்.

அவர் அந்நூலை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறார். நன்னன் மலையில் கவலைதோறும் முடிந்த புல் பின்வருவோர்க்காக. இது, பின்னே இருப்போர் எங்களைத் தேடி வருவதற்காக.